திருவனந்தபுரம் – சென்னை விமானம்: தூரம், நேரம், நம்மூரிலிருந்து எப்போது கிளம்புவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்கலையில் 18 ஆண்டுகளாக டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பஸ், ரயில், விமானம் மூன்றும் உண்டு. விமான டிக்கெட்டுக்கு வருகிறவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, எவ்வளவு நேரம் ஆகும்?" டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் அதற்குப் பதில் ஆகாது. அவர்கள் கேட்பது வீட்டு வாசலிலிருந்து ஆகும் நேரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எங்கே போவதானாலும் முதலில் வேறு ஊருக்குப் போயாக வேண்டும். அந்தக் கணக்கையும் சேர்த்து, கடையில் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் வான்வழித் தூரம் எவ்வளவு?

சுமார் 615 கி.மீ. மைலில் சொன்னால் 382. விமானிகள் கணக்கு வைக்கும் கடல் மைலில் 332. ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ.

ஒரு தளத்தில் 614 என்கிறார்கள், இன்னொன்றில் 620 என்கிறார்கள். எது சரி?

இரண்டையும் நம்பலாம். விமான நிலையத்தின் எந்தப் புள்ளியிலிருந்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடும், குறையும். நகரத்தின் நடுவிலிருந்து அளந்தால் இன்னும் சில கிலோமீட்டர் மாறும்.

இந்த அளவு தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது அல்ல. பள்ளிக்கூடத்தில் இருக்குமே உலக உருண்டை, அதில் இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் எது மிகக் குறுகிய பாதையோ, அதன் நீளம்தான் இது. சென்னை போன்ற பக்கத்து ஊருக்கு இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் வராது. அமெரிக்கா, ஐரோப்பா என்று போகும்போதுதான் வரைபடத்தில் பாதை வளைந்து தெரியும்.

விமானம் உண்மையில் பறப்பது இதைவிடக் கொஞ்சம் கூடுதல். திருவனந்தபுரத்தில் ஓடுபாதை கடற்கரையை ஒட்டி வடமேற்கு – தென்கிழக்காகக் கிடக்கிறது. சென்னையோ வடகிழக்கில். ஏறியதும் ஒரு திருப்பம், இறங்கும் முன் ஒரு சுற்று என்று சில கிலோமீட்டர் சேர்ந்துகொள்ளும்.

அந்த நேர்கோடு எந்த ஊர்கள் வழியாகப் போகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. கடைச் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ்நாடு வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் காட்டுவேன். திருவனந்தபுரத்திலிருந்து சென்னைக்குக் கோடு போட்டால், குற்றாலம் பக்கமாக மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டும். மதுரைக்குச் சற்று மேற்கே போகும், திருச்சியையும் அப்படியே மேற்கில் உரசிக்கொண்டு போய், விழுப்புரத்தை ஒட்டிச் சென்னையைத் தொடும். ஏறக்குறைய நம் ரயில் போகும் ஊர்கள்தான்.

அந்தக் கோடு குமரி மாவட்டத்தின் மேல் விழவே இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கு நேர்கோடு இழுத்தால் 613 கி.மீ. வரும். அதாவது நாகர்கோவிலில் இருந்தாலும் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் சென்னை ஒரே தூரம்தான். நாம் திருவனந்தபுரத்துக்குச் சாலையில் இரண்டரை மணி நேரம் போகிறோமே, அது சென்னையை நமக்கு ஒரு கிலோமீட்டர்கூட அருகே கொண்டுவருவதில்லை. விமானம் அங்கே நிற்கிறது என்பதற்காக மட்டுமே போகிறோம்.

பறக்கும் நேரம் எவ்வளவு?

டிக்கெட்டில் 1 மணி 15 நிமிடத்திலிருந்து 1 மணி 30 நிமிடம் வரை போட்டிருப்பார்கள். சக்கரம் தரையை விட்டு மேலே எழுந்து மறுபடி தரையைத் தொடும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும்.

மணிக்கு 800 கி.மீ. வேகம் என்கிறார்கள். 615 கி.மீ.க்கு 45 நிமிடம்தானே ஆக வேண்டும்?

ஒரு பொறியியல் மாணவன் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டி இதைக் கேட்டான். அவன் கணக்கில் தவறில்லை. ஆனால் டிக்கெட்டில் இருக்கும் நேரம் வேறொன்றை அளக்கிறது. விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல், சென்னையில் தன் இடத்தில் வந்து நிற்பது வரை உள்ள நேரம் அது.

அடுத்த முறை ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கையில் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். கதவை அடைத்ததும் வண்டி பின்னால் தள்ளப்படும். ஓடுபாதை முனைவரை ஊர்ந்து போகும். முன்னால் ஒன்று இறங்க வேண்டியிருந்தால் காத்து நிற்கும். மேலே ஏறும்போதும் முழு வேகம் கிடையாது, உயரம் பிடிக்கவே கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சீட் பெல்ட் விளக்கு அணைந்து, தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டு வருகிறவர் உங்கள் வரிசையைத் தாண்டி இரண்டு வரிசை போவதற்குள் காது அடைக்கத் தொடங்கிவிடும். இறங்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவு குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் போகும் நேரம் கொஞ்சம்தான். சென்னையில் வரிசை இருந்தால் ஒரு சுற்று சுற்ற வைப்பார்கள். இறங்கிய பிறகும் ஊர்ந்து போக வேண்டும்.

எந்த ஊருக்கானாலும் தோராயமாக நேரம் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. பெரிய ஜெட் விமானம் என்றால் வான்வழித் தூரத்தை 800-ஆல் வகுத்து, அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து மும்பை சுமார் 1,260 கி.மீ. வகுத்தால் 1 மணி 35 நிமிடம், அரை மணி கூட்டினால் 2 மணி 5 நிமிடம். டெல்லி சுமார் 2,230 கி.மீ., 3 மணி 17 நிமிடம் வரும். பெங்களூரு 530 கி.மீ., 1 மணி 10 நிமிடம். டிக்கெட்டோடு ஒப்பிட்டால் ஐந்து பத்து நிமிடம்தான் முன்னே பின்னே இருக்கும்.

விசிறி வைத்த ஏடிஆர் விமானத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகக்கூடியது.

சரி, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

முதலில் சாலைத் தூரம். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் கன்னியாகுமரியிலிருந்து சுமார் 90 கி.மீ., நாகர்கோவிலிலிருந்து 70, தக்கலையிலிருந்து 55, மார்த்தாண்டத்திலிருந்து 40. இந்த எண்ணைப் பார்த்து "ஒரு மணி நேரத்தில் போயிடலாம்" என்று நினைக்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள். நம்மூர் ஆட்களுக்கு இந்தச் சாலை தெரியும்.

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை ஊருக்கு ஊர் கடை, வீடு, பள்ளிக்கூடம் என்று இடைவெளியே கிடையாது. தக்கலையில் ஒரு நெரிசல், மார்த்தாண்டத்தில் ஒரு நெரிசல். 2018-இல் திறந்த மேம்பாலம் மார்த்தாண்டத்தில் நிறைய உதவுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் இருபுறமும் பால இறக்கத்தில் வண்டிகள் சேரும் இடத்தில் மறுபடி நிற்க வேண்டும். களியக்காவிளையைத் தாண்டி, காரோடு என்ற ஊரில் கேரளப் பக்கத்து நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் மூச்சு விடலாம். முக்கோலா, திருவல்லம், ஈஞ்சக்கல் என்று ஊருக்குள் நுழையாமலே விமான நிலையத்தின் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் வழியாகப் பழைய சாலையில் போகும் ஓட்டுநராக இருந்தால் கிளம்பும் முன்பே "காரோடு வழி போங்க" என்று சொல்லிவிடுங்கள்.

பகலில் நாகர்கோவிலிலிருந்து காருக்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். காலை எட்டு முதல் பத்து வரை, மாலை நாலு முதல் ஏழு வரை என்றால் மூன்று. இரவு பதினொன்றுக்கு மேல் என்றால் ஒன்றே முக்கால் மணி போதும். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். லக்கேஜ் போடும் கவுண்டரைப் பெரும்பாலும் 60 நிமிடம் முன்பே அடைத்துவிடுவார்கள். அடைத்த பிறகு அழுதாலும் திறக்க மாட்டார்கள், அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, காலை 10 மணி விமானம் என்றால் நாகர்கோவிலில் 5.30க்கு வண்டி ஏறுங்கள். பள்ளி வேன்கள் சாலைக்கு வருவதற்குள் எல்லை தாண்டிவிடலாம்.

நவராத்திரிக்கு முந்தைய நாட்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய சாமிகள் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது இதே சாலையில்தான். முதல் இரவு குழித்துறை, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. வழி நெடுக மக்கள் விளக்கேற்றி, தட்டு வைத்து வரவேற்பார்கள். அந்த நாளில் டிக்கெட் இருந்தால் நான் ஒரு மணி நேரம் சேர்த்தே சொல்வேன். வழியில் ஊர்வலம் கிடைத்தால் இறங்கிக் கும்பிட்டுவிட்டும் போகலாம் அல்லவா.

பஸ்ஸிலோ ரயிலிலோ போனால்?

பெட்டி ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான் என்றால் தாராளமாகப் போகலாம். நாகர்கோவில் வடசேரியிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்கு இரு மாநிலப் பேருந்துகளும் ஓடுகின்றன; அங்கே பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கம் பக்கம். ரயிலில் நாகர்கோவிலிலிருந்து 71 கி.மீ., இரணியல், குழித்துறை, பாறசாலை வழி. ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகலாம், எதிர் வண்டிக்காக நிறுத்திப் போட்டால் இன்னும் கூடும். தம்பானூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் விமான நிலையம் ஐந்தாறு கிலோமீட்டர். விமானத்துக்கு ரயிலில் போகிறவர்கள், தேவையான வண்டிக்கு முந்தைய வண்டியில் ஏறிவிடுங்கள்.

எந்த டெர்மினலில் இறங்க வேண்டும்?

டிக்கெட்டில் டி1, டி2 என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ஓடுபாதைக்கு மேற்கே கடற்கரை ஓரம் சங்குமுகத்தில் இருப்பது டி1. கிழக்கே சாக்கையில் இருப்பது 2011-இல் திறந்த டி2. நடுவில் ஓடுபாதை கிடப்பதால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும், நடந்து மாறும் தூரம் இல்லை. கடைசி நேரத்தில் தவறான பக்கம் இறங்கி, பெட்டியோடு ஆட்டோ தேடிய குடும்பங்கள் எனக்குப் பலவும் தெரியும்.

தூத்துக்குடி வழியாகப் போனால் தூரம் குறையுமா?

வானத்தில் குறையும். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து சென்னை சுமார் 530 கி.மீ. நாகர்கோவிலிலிருந்து வாகைக்குளம் சாலையில் 100 கி.மீ. அளவு. ஆரல்வாய்மொழியோ காவல்கிணறோ தாண்டி நான்குவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் வண்டி நிற்காமல் போகும். ஆகவே 70 கி.மீ. தூரத்துத் திருவனந்தபுரமும் 100 கி.மீ. தூரத்துத் தூத்துக்குடியும் நேரத்தில் கிட்டத்தட்ட சமம்.

தூத்துக்குடியில் பல ஆண்டுகளாக ஓடியது ஏடிஆர் விமானம், 78 பேர் உட்காரலாம். அதற்குக் காரணம் ஓடுபாதை. வெறும் 1,350 மீட்டர்தான் இருந்தது, பெரிய ஜெட் அங்கே இறங்க முடியாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையத்தையும் 2025 ஜூலை 26 அன்று திறந்திருக்கிறார்கள். ஏடிஆரில் சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். தூரம் 85 கி.மீ. குறைவு, ஆனாலும் வேகம் குறைவு என்பதால் நேரம் மிச்சமாவதில்லை.

தோவாளை, பூதப்பாண்டி, ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி பக்கத்து ஆட்களுக்கு நான் தூத்துக்குடியைத்தான் முதலில் சொல்வேன். தக்கலைக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம்தான். டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் டாக்ஸிக் கூலியையும் சேர்த்துப் பாருங்கள்.

மதுரை?

நாகர்கோவிலிலிருந்து 235 கி.மீ.க்கு மேல். சென்னைக்குப் போக அங்கே வரை போவது தேவையில்லாத அலைச்சல்.

ரயிலில் போவதா, விமானத்தில் போவதா? எது நேரம் மிச்சம்?

டிக்கெட் விற்கிறவன் விமானத்தைத்தான் சொல்வான் என்று நினைக்காதீர்கள். கணக்கை நீங்களே பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து விமான நிலையம் இரண்டரை மணி, அங்கே இரண்டு மணி, விமானத்தில் ஒன்றேகால் அல்லது ஒன்றரை, சென்னையில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி, அங்கிருந்து வீட்டுக்கு ஒரு மணி. ஏழு ஏழரை மணி நேரம் ஆகிவிட்டது. 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் – சென்னை எழும்பூர் வந்தே பாரத், ஒன்பது மணி நேரத்தை ஒட்டி எடுக்கிறது. இரவு ரயில் 12 மணி நேரம் என்றாலும் அதில் எட்டு மணி நேரம் தூங்கிவிடுவீர்கள்.

அதனால், கல்யாணம், கல்லூரிச் சேர்க்கை, ஊர் பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்த பயணம் என்றால் ரயில் நல்லது. அவசரம் என்றால் விமானம். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்து, அன்றைக்கு ரயிலே இல்லாத நேரத்தில் ஓடி வருகிறவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரம் பெரிது. மகன் சென்னையில் விபத்தில் அடிபட்டான் என்று ஒரு மீனவர் ஈர லுங்கியோடு வந்து நின்றார். அன்று காசையும் தூரத்தையும் பற்றி யாரும் பேசவில்லை. இரவு எட்டரைக்கு விமானம் ஏறினார், பத்தரைக்கு மகன் படுத்திருந்த வார்டு வாசலில் நின்று எனக்குப் போன் செய்தார்.

மாலையில் விமானமே இல்லாத நாள் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆண்டுக்கு இரண்டு நாள். பத்மநாபசாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் வழியில் ஓடுபாதை குறுக்கே கிடக்கிறது. விமான நிலையம் 1932-இல் வந்தது, ஊர்வலம் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அந்த வழியில் போகிறது. ஆகவே பங்குனி ஆராட்டன்றும் ஐப்பசி ஆராட்டன்றும் மாலையில் சுமார் ஐந்து மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள். யானை, குதிரை, வாள் ஏந்தியவர்கள், சாமியைச் சுமப்பவர்கள் எல்லாரும் விமானம் ஓடும் தளத்தில் நடந்து போவார்கள். கடலில் நீராட்டு முடிந்து ஊர்வலம் திரும்பி, தளத்தைச் சுத்தம் பார்த்த பிறகே மறுபடி விமானம் ஓடும்.

விமான நிறுவனங்களுக்கு இந்தத் தேதி முன்பே தெரியும், நேரத்தை மாற்றிக் குறுஞ்செய்தி அனுப்புவார்கள். டிக்கெட் எடுத்தபோது கொடுத்த செல்போன் எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு, நேரம் மாறியது தெரியாமல் போய் ஏமாந்தவர்கள் உண்டு.

எந்த மாதங்களில் தாமதம் அதிகம்?

ஜூனில் திருவனந்தபுரத்துப் பக்கம் மழை, அக்டோபர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் வரை சென்னையில் மழை. சாதாரண மழைக்கு விமானம் நிற்பதில்லை. புயலும் வெள்ளமும் வேறு. 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து நாள்கணக்கில் மூடியிருந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலின்போதும் மூடினார்கள். போகியன்று அதிகாலையில் சென்னைக்கு டிக்கெட் கேட்டால் நான் மதிய விமானத்தைச் சொல்வேன். பனியும் போகிப் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போன ஆண்டுகள் உண்டு.

துபாய்க்கு எவ்வளவு தூரம்? டிக்கெட்டில் இரண்டே முக்கால் மணி நேரம் போல் தெரிகிறதே?

திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,950 கி.மீ., மஸ்கட் 2,600, தோகா 3,270. துபாய்க்கு நாலு மணி, நாலேகால் மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டில் கிளம்பும் நேரம் நம்மூர்க் கடிகாரப்படி, இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரப்படி போட்டிருப்பார்கள். துபாய், மஸ்கட் இரண்டும் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னே. தோகா இரண்டரை மணி பின்னே. இரவு 8 மணிக்கு ஏறி 10.45க்குத் துபாயில் இறங்குவதாகப் போட்டிருந்தால், 2.45-உடன் 1.30-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 4 மணி 15 நிமிடம். திரும்பி வரும்போது கழிக்க வேண்டும்.

இதைவிட ஆபத்தானது நள்ளிரவு விமானம். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன், மஸ்கட்டுக்கு முதல் தடவை வேலைக்குப் போகிறான். டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.35 என்று இருந்தது. 15-ஆம் தேதி ராத்திரி சொந்தக்காரர்கள் பத்துப் பேரோடு வேனில் விமான நிலையத்துக்குப் போய் நின்றான். விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. அவன் அம்மா கட்டிக் கொடுத்த பலகாரப் பொட்டலத்தோடு விடியற்காலையில் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். டிக்கெட் கொடுத்தவன் நான்தான். தேதியைச் சொன்னேன், ஆனால் எந்த ராத்திரி என்று பிரித்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நள்ளிரவு டிக்கெட்டிலும் சிவப்புப் பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்: "14-ஆம் தேதி சாயங்காலம் 6 மணிக்கு வீட்டை விட்டு இறங்கணும்."

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். வழியனுப்ப வருகிறவர்கள் வேறு வண்டியில் வந்தால், பாஸ்போர்ட் எந்த வண்டியில் இருக்கிறது என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

துபாய்க்குப் போகும்போது நேரம் கூடுதல், வரும்போது குறைவு. ஒரே தூரம்தானே?

தூரம் ஒன்றுதான், காற்றுதான் வேறு. பனிக்காலத்தில் வளைகுடாப் பக்கம் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமாகக் காற்று வீசும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. ஆற்றில் ஓடத்தை எதிர்த்துத் தள்ளுவதும் ஒழுக்கோடு விடுவதும் போல. அரை மணி நேரம் வரைகூட வித்தியாசம் வரும். சென்னைக்கு இது சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கிற வெளிநாடு எது?

இலங்கை. திருவனந்தபுரத்திலிருந்து கொழும்பு விமான நிலையம் 357 கி.மீ.தான். பெங்களூரைவிடப் பக்கம். மாலத்தீவின் மாலேயும் 607 கி.மீ., சென்னையைவிட எட்டு கிலோமீட்டர் குறைவு. நம் மாவட்டத்துக்குத் தலைநகரம் சென்னையும் மாலத்தீவும் ஏறக்குறைய ஒரே தொலைவு. 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதுவரை தலைநகரமாக இருந்த திருவனந்தபுரம் 70 கி.மீ.யில் பக்கத்து மாநிலமாகிவிட்டது. விமானத்துக்கு மட்டும் இன்னும் அங்கேதான் போகிறோம்.

ஊர்ச் சாமான் என்னென்ன கொண்டு போகலாம்?

உள்நாட்டில் பெரும்பாலும் கையில் 7 கிலோ, உள்ளே போடும் பெட்டி 15 கிலோ. மட்டிப் பழம், நேந்திரங்காய் சிப்ஸ், முந்திரிக் கொத்து எல்லாம் தாராளமாகப் போகும். கொப்பரை மட்டும் வேண்டாம். எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று தடை செய்திருக்கிறார்கள். ஸ்கேனில் தெரிந்தால் பெட்டியைத் திறக்கக் கூப்பிடுவார்கள், கால் மணி நேரம் போய்விடும். மட்டிப் பழத்தைக் காயாக இருக்கும்போதே கட்டிக்கொள்ளுங்கள். பழுத்தது சென்னைக்குப் போய்ச் சேரும்போது பெட்டித் துணியெல்லாம் மணக்கும்.

அம்மா முதல் தடவை தனியாகப் போகிறார். என்ன செய்வது?

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், குறைந்தது 48 மணி நேரம் முன்பாக. நடக்க முடிந்தாலும் கேளுங்கள். வாசலில் பெயர் சொன்னால் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போய், சோதனை முடித்து, இருக்கை வரை விட்டுவிடுவார். சென்னையிலும் அப்படியே வெளியே கொண்டுவந்து விடுவார். டிக்கெட்டைத் தாளில் அச்செடுத்து, ஆதார் அட்டையோடு சேர்த்து ஒரு சிறிய துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். தாளின் பின்பக்கம் சென்னையில் கூட்டிப் போக வருகிறவரின் பெயரையும் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

காது அடைக்கும் என்று முன்பே சொல்லி, கையில் நாலு புளி மிட்டாய் கொடுத்து விடுங்கள். ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கிக் கொடுங்கள், அது முக்கியம். ஏறின சில நிமிடத்தில் மலை வந்துவிடும்.